பாப்பா தூங்கும்போது பெய்த மழை

எங்க உப்பளத்துல பாப்பா தூக்கத்துல அழுதா மழை பெய்யும். முழிச்சிருந்து அழுதா பெய்யாது. பாலுக்கு அழுதாலும் சரி, எறும்பு கடிச்சு அழுதாலும் சரி, அவ அம்மா சந்தனமாரி கண்ணுல படலைன்னு கத்தி ஊரைக் கூட்டினாலும் சரி, வானம் அது பாட்டுக்கு வெள்ளை வெளேர்னு காய்ஞ்சுக்கிட்டுக் கிடக்கும். கண்ணை மூடித் தூங்கிக்கிட்டே அழுதாத்தான் மழை. அதுவும் ஊரெல்லாம் பெய்யாது, கிழக்க ஓடையில இருந்து மேக்க உடைமர வேலி வரைக்கும் எங்க அளத்துக்கு மட்டும் அளந்து வெச்ச மாதிரி பெய்யும், வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த அளத்துக்காரிக காய்ஞ்ச தலையோட நின்னு பல்லைக் காட்டிக்கிட்டு வேடிக்கை பாப்பாளுக.

ஊரு உலகத்துக்கெல்லாம் மழைன்னா சந்தோஷம், எங்களுக்கு மட்டும் வயித்துல அடி. கடல் தண்ணியைப் பாத்தியில கட்டி, வெயில் குடிச்சது போக மிச்சம் வெள்ளையாப் பூக்குறதை வாருபலகையால வாரி, வரப்புல குவிச்சு, தலையில சுமந்து கொண்டுபோய் அம்பாரமாக் கொட்டி வெச்சா, ஒரு சின்ன மழை வந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி எல்லாத்தையும் திரும்பத் தண்ணியாக்கிட்டுப் போயிரும். அதனால எங்க அளத்துல ஒரு பழக்கம். முதல் துளி யாரு மேல விழுதோ அவங்க "துளி!"ன்னு கத்தணும். அந்தச் சத்தம் கேட்டா சோத்துல கை வெச்சிருந்தாலும், புருசன் பொண்டாட்டி சண்டை பாதியில நின்னாலும், போட்டது போட்டபடி ஓடி அம்பாரத்து மேல ஓலையும் தார்ப்பாயும் இழுத்து மூடணும். எனக்கு நடக்கத் தெரியுறதுக்கு முன்னாலயே துளிக்கு ஓடத் தெரியும்னு எங்க அம்மா சொல்லுவா.

நான் தங்கபுஷ்பம், சந்தனமாரிக்கு அடுத்த பாத்தியில உப்பு வாருறவ. அவ புருசன் சுடலைமணி லாரியில மூட்டை ஏத்துறவன், நல்ல பையன், ஆனா நாலு பேரு சேந்து ஒண்ணு சொன்னா அஞ்சாவது ஆளாத் தலையாட்டுவான். ரெண்டு பேருக்கும் பிறந்த பொம்பளப் புள்ளைக்குத் தன்ஷிகான்னு பேரு வெச்சாங்க; எங்க வாயில ஒருத்தருக்கும் அது ஒழுங்கா நுழையல, பாப்பான்னே கூப்பிட்டோம். பாலு குடிக்கிற புள்ளையை வீட்டுல விட ஆளு இல்லாததால, அம்பாரத்துக்குப் பக்கத்துலயே இருக்குற கொட்டகையில சேலையில தொட்டில் கட்டிப் போட்டிருந்தா.

மழைக்கும் புள்ளைக்கும் உள்ள சங்கதியை முதல்ல கண்டுபிடிச்சவ எங்ககூட உப்பு வாருற பிலோமினா. ஒரு நாள் பாப்பா தூக்கத்துல சிணுங்க, கொட்டகைத் தகரத்துல துளி விழ, சிணுங்கல் நிக்க, துளி நிக்க, திரும்பச் சிணுங்க, திரும்பத் துளி விழ, பிலோமினா சிலுவை போட்டுக்கிட்டு, "ஏளா, மழை இவ வாயிலல்லா இருக்கு"ன்னா. கங்காணி கொம்பையா அண்ணாச்சி வந்து வானத்தைப் பாத்தாரு, தொட்டிலைப் பாத்தாரு, தலைத்துண்டை அவுத்து உதறினாரு. "சரி, இனிமே புள்ள முழிச்சிருக்குற நேரம் பாத்துத்தான் பாத்தி வாரணும்" அப்படின்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல அதிலே ஆச்சரியப்பட யாருக்கு நேரம் இருந்துச்சு?

பெறகு அது எங்க பொழப்புல ஒண்ணாப் போச்சு. லாரிக்காரங்க பாரம் ஏத்துறதுக்கு முன்னால சுடலைமணிகிட்ட, "மாப்ளை, புள்ள முழிச்சிருக்காளா?"ன்னு கேப்பாங்க. வடகம் காயப் போடுறவ, துவைச்ச துணியைக் கொடியில போடுறவ, எல்லாரும் கொட்டகையை எட்டிப் பாத்துட்டுத்தான் போடுவாளுக. டேங்கர் தண்ணிக்கு நாயா அலையுற பூமியில, பாப்பா அழுதா தகரத்து ஓரம் நல்ல தண்ணி ஒழுகும்னு நாலைஞ்சு கெட்டிக்காரிக குடம் கொண்டுவந்து வரிசையா வெச்சாளுக, அதுல வரிசைச் சண்டை வேற. அந்தத் தண்ணியில தலை குளிச்சா முடி பஞ்சா இருக்குன்னு பிலோமினா தலையை ஆட்டிக் காட்டுவா. அந்தத் தண்ணி துளிகூட உப்புக் கரிக்காது. நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.

ஆனா நல்லா மழை பெஞ்ச நாளெல்லாம் அம்பாரம் கரைஞ்சுச்சு, பாத்தி கலங்குச்சு, வேலை இல்லாம எல்லாரும் வீட்டுக்குத் திரும்பினோம். அடுப்பு எரியாத வீட்டுல தொட்டில் புள்ளையைப் பத்தி நல்ல பேச்சா பேசுவாங்க? அதனால கங்காணி ஒரு ஏற்பாடு பண்ணினாரு. தொட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஆளைக் காவலுக்கு உக்கார வெச்சாரு. புள்ள முகம் கோணி "ங்"னு சொன்ன உடனே அந்த ஆளு "துளி!"ன்னு கத்தணும், பாதிப் பேரு அம்பாரத்தை மூட ஓடணும், மீதிப் பேரு புள்ளையை அமத்த ஓடணும்.

ஓடினோம் பாருங்க, அப்படி ஓடினோம். ஒருத்தி தூக்கித் தோளுல போட்டா, ஒருத்தி அவகிட்ட இருந்து பிடுங்கி மடியில போட்டா, ஒருத்தி கிலுகிலுப்பையை ஆட்டினா, ஒருத்தி போனுல பாட்டுப் போட்டா, கங்காணி நாக்கை மடிச்சு டொக்கு டொக்குன்னு சத்தம் குடுத்தாரு. வசம்பு கட்டினோம். இசக்கியம்மன் கோயில் திருநீறு பூசினோம். பிலோமினா ஜெபம் பண்ணின எண்ணெயை உச்சியில வெச்சா. மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டோம், உப்புக்கு எங்ககிட்ட என்ன பஞ்சம், கை கொள்ளாத அளவுக்கு அள்ளிச் சுத்தினோம். புள்ளையோ தூக்கமும் இல்லாம முழிப்பும் இல்லாம, மூடின கண்ணைத் திறக்காமலே வீறு வீறுன்னு கத்தி உடம்பை வில்லா வளைக்க, வெளியே மழை சடசடன்னு கொட்டும். எப்போ கண்ணை முழுசா முழிச்சு எங்க மூஞ்சியை எல்லாம் திகைச்சுப் போய்ப் பாக்குதோ அப்போதான் வெயில் வரும். அதுக்குள்ள அம்பாரம் பாதி ஓடையில கிடக்கும்.

ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். நர்ஸம்மா புள்ளையைத் திருப்பிப் போட்டுப் பாத்து, எடை போட்டு, "காய்ச்சல் இல்ல, பாலு குடிக்கிறா, எடை ஏறியிருக்கு, புள்ள நல்லா இருக்கு"ன்னாங்க. பெறகு, "அழுது அழுது கடைசியில முழிச்சிருறாளா, இல்ல தூக்கத்துலயே அழுதுட்டுத் தானா அமந்துருறாளா?"ன்னு கேட்டாங்க. சந்தனமாரி என்னைப் பாத்தா, நான் பிலோமினாவைப் பாத்தேன். அவ அழுகை எங்கன போய் முடியும்னு பாக்குறதுக்கு எவ பொறுத்திருந்தா?

இந்த நேரத்துலதான் சங்கதி கரிசக்காடு வரைக்கும் போயிருச்சு. சுடலைமணியோட அக்கா சீனித்தாயைப் புளியங்கரிசல்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. அங்கன மழை பொய்ச்சு, கம்பும் உளுந்தும் மொளச்ச இடத்துலயே கருகி, மாடு கன்னை வித்துட்டு ஊரே வானத்தைப் பாத்து உக்காந்திருந்துச்சு. ஒரு நாள் சீனித்தாய் தேங்காய் பழம், புள்ளைக்குப் புதுச் சட்டை, வெள்ளிக் கொலுசு எல்லாம் தாம்பாளத்துல வெச்சுக்கிட்டு வந்தா. பொண்ணு கேக்க வாற மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"சந்தனம், உனக்கும் இங்கன பாடு, எங்களுக்கும் அங்கன பாடு. புள்ளையை நான் கொண்டுபோறேன். அத்தை வளத்தா ஆகாதா? தங்கத் தட்டுல வெச்சுப் பாத்துக்கிடுவோம். ஊரு மொத்தமும் கையெடுத்துக் கும்பிடும். அவ எம்புட்டு வேணும்னாலும் அழட்டும், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்."

சந்தனமாரி தாம்பாளத்தைத் தொடல. "எம் புள்ள அழணும்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கிய, மைனி?"ன்னா.

சீனித்தாய் சிரிப்பு அப்படியே நின்னுச்சு. "நான் அப்படிச் சொல்லலட்டி"ன்னா.

"வேற எப்படிச் சொன்னிய? இங்கன இருக்குறவுக அவ அழக்கூடாதுன்னு அடிச்சுக்கிடுதாக, அங்கன இருக்குறவுக அழணும்னு கும்பிடுதாக. அவளுக்கு எங்க வலிக்கின்னு ஒருத்தராவது கேட்டியளா?"

ஆனா கங்காணியும் சுடலைமணியும் மண்ணைப் பாத்துக்கிட்டு நின்ன நிலையிலயே அவங்க மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சுச்சு. ஊரே சுடலைமணியைப் பாக்குது, அவன் வழக்கம்போலத் தலையை ஆட்டினான். கடைசியில கங்காணிதான் வழி சொன்னாரு. புரட்டாசியில உப்பு வாருற கடைசி வாரு இருக்கு, அந்த அம்பாரம் நனையாம லாரியில ஏறிட்டா புள்ள தாய்கிட்டயே இருக்கட்டும், நனைஞ்சா அன்னைக்கே அத்தை வீட்டுக்கு அனுப்பிரணும். சந்தனமாரி புள்ளையை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பாத்திப் பக்கம் போயிட்டா.

அந்த வாரு முடியுறதுக்கு முன்னால ஒரு மத்தியானம், காவலுக்கு இருந்த பிலோமினா டேங்கர் வந்த சத்தம் கேட்டுக் குடத்தோட ஓடிட்டா. நாங்க எல்லாம் தூரத்துப் பாத்தியில நிக்கோம். சந்தனமாரி மட்டும் கொட்டகைக்குப் பக்கத்துல உப்புக் கொட்ட வந்தவ, பாப்பா "ங்"னு சொன்னதைக் கேட்டு உள்ளே பாய்ஞ்சா. பாய்ஞ்சவ நின்னுட்டா. கையி ரெண்டும் முழங்கை வரைக்கும் உப்புத்தண்ணி. எங்க கையி உங்களுக்குத் தெரியாது, வெடிச்ச வெடிப்புல உப்பு ஏறி எங்களுக்கே காந்தும், அதை வெச்சுப் பச்சப்புள்ளையைத் தொட முடியுமா? கழுவ நல்ல தண்ணி இல்ல. கத்திக் கூப்பிட்டா யாருக்கும் கேக்காது. கையை ரெண்டையும் மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பெத்த புள்ள அழுறதைப் பாத்துக்கிட்டு, தொடாம நின்னா.

புள்ள முகம் சுருங்குச்சு. உதடு பிதுங்குச்சு. மூடின இமைக்குள்ள கண்ணு இங்கயும் அங்கயும் ஓடுச்சு. விசும்பினா, தகரத்துல துளி விழுந்துச்சு. திரும்ப விசும்பினா, இன்னும் கொஞ்சம் விழுந்துச்சு. காலை ஒரு உதை உதைச்சா. சந்தனமாரிக்கு உயிரே போயிருச்சு. பெறகு என்ன ஆச்சுன்னா, யாரும் ஒண்ணும் செய்யாமலே, புள்ள ஒரு பெருமூச்சு விட்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பி, வாயை ரெண்டு தரம் சப்புக் கொட்டிட்டு, ஆழமாத் தூங்கிப் போனா. கண்ணு திறக்கவே இல்ல. வெளியே துளி நின்னு வெயில் அடிச்சுச்சு. பாத்தியில உப்பு பூத்தது பூத்தபடி இருந்துச்சு.

அவ ஓடிவந்து என்கிட்டத்தான் முதல்ல சொன்னா. "யக்கா, அவ அழவே இல்ல யக்கா. ஒரு தூக்கத்துல இருந்து இன்னொரு தூக்கத்துக்குப் போறா. போற வழியில கொஞ்சம் சிணுங்குதா. நாமதான் வழியை மறிச்சுத் தூக்கித் தூக்கி அழ வைக்கோம்."

"போட்டி இவளே, அசந்த நேரத்துல கனவு கண்டிருப்ப"ன்னேன். அப்படிச் சொன்னேனே தவிர, நர்ஸம்மா கேட்ட கேள்வி எனக்கு நெஞ்சுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டுச்சு.

கடைசி வாரு அன்னைக்கு வெள்ளை வெளேர்னு ஆளு உசரத்துக்கு மேல அம்பாரம் நிக்குது. லாரி வந்தாச்சு, ஏத்துறதுக்காக ஓலையை எல்லாம் எடுத்தாச்சு. அந்தப் பக்கம் புளியங்கரிசல்ல இருந்து வேன் வந்து நிக்குது, ஆம்பளையும் பொம்பளையுமா வந்து இறங்கி, வேலி நிழல்ல குத்தவெச்சு, தொட்டிலையே பாத்துக்கிட்டிருக்காங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல, காய்ஞ்ச முகம் எங்களுக்குத் தெரியாத முகமா? சீனித்தாய் மட்டும் கொட்டகைக்குள்ள வந்து, தொட்டில் கயித்தைப் பிடிச்சு மெல்ல ஆட்டிக்கிட்டு உக்காந்தா. அத்தைக்காரியை எந்திரின்னு சொல்ல முடியுமா? பாப்பா, அத்தை கொண்டுவந்த புதுச் சட்டையும் கொலுசுமாத் தூங்குதா. அந்தச் சட்டையைப் போட வேண்டாம்னு சந்தனமாரி தடுக்கல.

மூட்டை பாதி ஏறியிருக்கும். பாப்பா "ங்"னா.

கங்காணி மூக்கு மேல ஒரு துளி விழுந்துச்சு. "துளி!"ன்னு அவரே கத்திட்டாரு. எங்க எல்லாருக்கும் காலு தானா எந்திரிச்சிருச்சு. அப்போ கொட்டகை வாசல்ல சந்தனமாரி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னா. கத்தல, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா, ஆனா வேலி வரைக்கும் கேட்டுச்சு.

"யாரும் ஓடாதீங்க. ஓலையை இழுக்காதீங்க, அந்தச் சத்தமே அவளைத் தூக்கிப் போட்டுரும். யாரும் தொடாதீங்க. அண்ணாச்சி, உங்க காலுல விழுதேன், கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. அவ முழிக்கல. வழி விட்டா தானே போயிருவா."

பிறந்ததுல இருந்து துளிக்கு ஓடின ஜனம், திறந்து கிடக்குற அம்பாரத்துக்கு முன்னால ஓடாம நின்னுச்சு பாருங்க, அதைத்தான் நான் எங்க அளத்துல நடந்த அதிசயம்னு சொல்லுவேன். கையில பிடிச்ச ஓலையோட கங்காணி நிக்காரு. தலையில மூட்டையோட சுடலைமணி நிக்கான். பிலோமினா உதடு மட்டும் அசையுது. துளி எங்க தோளுல விழுது, அம்பாரத்துல விழுந்து சின்னச் சின்னக் குழியாக் குழிக்குது, எங்க சோறு எங்க கண்ணு முன்னால குழி விழுது, அதைப் பாத்துக்கிட்டு ஒருத்தரும் அசையாம நிக்கோம்.

நான் கொட்டகை ஓரமா நின்னதால சீனித்தாய் கையைப் பாத்தேன். தொட்டில் கயிறு அவ கைக்குள்ள இருந்துச்சு. ஒரே ஒரு வெட்டு வெட்டி இழுத்தாப் போதும். புள்ள வீறிடும், மழை கொட்டும், அம்பாரம் கரையும், பேச்சுப்படி புள்ள வேனுல ஏறிரும், அவ ஊருக்கு மழை போயிரும். வேலி நிழல்ல அவ சனம் அத்தனையும் அந்தக் கையையே பாத்துச்சு. விரலு கயித்தை இறுக்கி வெளுத்துப் போனதை நான் பாத்தேன்.

பாப்பா உதட்டைப் பிதுக்கி விசும்பினா. அந்தப் பிஞ்சு முகத்தை அவ்வளவு பக்கத்துல சீனித்தாய் அன்னைக்குத்தான் பாத்தா. ஒவ்வொரு விரலா விட்டு, கயித்துல இருந்து கையை எடுத்தா. எடுத்த கையை என்ன செய்யன்னு தெரியாம மடியில வெச்சுக்கிட்டா. சந்தனமாரி வந்து குனிஞ்சு, அன்னைக்குன்னு நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு வெச்சிருந்த கையைப் புள்ள நெஞ்சு மேல பூப்போல வெச்சு, "உம்... உம்..."னு முனகினா. அவ்வளவுதான் செஞ்சா. பாப்பா பெருமூச்சு விட்டா, தலையைத் திருப்பினா, வாயைச் சப்புக் கொட்டினா.

துளி நின்னுருச்சு. அம்பாரம் அம்மை போட்ட மாதிரி குழிகுழியா, ஆனா முழுசா நின்னுச்சு. கங்காணி ஓலையைக் கீழே போட்டுட்டு அது மேலயே உக்காந்து துண்டால முகத்தை மூடிக்கிட்டாரு. யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூட இல்ல, புள்ள தூங்குதாள்ல.

வேனுக்காரங்க எந்திரிச்சாங்க. சீனித்தாய் போறப்போ கொலுசைக் கழட்ட வந்த சந்தனமாரியைத் தடுத்து, "கிடக்கட்டும், அத்தை போட்டது"ன்னா. அதோட வேனுல ஏறிட்டா. வேன் போன திசையையே பாத்துக்கிட்டு நின்ன சந்தனமாரி, புள்ள கிடைச்ச சந்தோஷத்துல இருக்க வேண்டியவ, அழுதா. எனக்கும் அழுகை வந்துச்சு. அவங்க வெறுங்கையோட போறதைப் பாத்தா யாருக்குத்தான் வராது?

ஐப்பசி பிறந்து கொஞ்ச நாள்ல, ஒரு காலையில வானம் கருத்து, காத்து திரும்பி, மழை பிடிச்சுச்சு. மழைக்காலத்துக்கு அளம் மூடியாச்சு, நாங்க எல்லாம் லைன் வீட்டுல கிடக்கோம். முதல் துளி விழுந்த உடனே பழக்கதோசம், அத்தனை பேரும் குடையைப் பிடிச்சுக்கிட்டு சந்தனமாரி வீட்டு வாசல்ல வந்து நின்னு தொட்டிலை எட்டிப் பாத்தோம். பாப்பா மல்லாக்கப் படுத்து, வாயைத் திறந்து, ஒரு சிணுங்கலும் இல்லாம தூங்கிக்கிட்டு இருந்தா. மழை ஓடைக்கு அந்தப் பக்கமும் பெஞ்சுச்சு, வேலிக்கு அந்தப் பக்கமும் பெஞ்சுச்சு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் பெஞ்சுச்சு. "இது ஊரு மழைலா"ன்னு கங்காணி சொல்லிட்டு, அப்பவும் நம்பிக்கை இல்லாம இன்னொரு தரம் எட்டிப் பாத்தாரு.

அப்போ சுடலைமணி போன் அடிச்சுச்சு. சீனித்தாய். மழைச் சத்தத்துல கேக்காதுன்னு அவன் ஸ்பீக்கர்ல போட்டுச் சந்தனமாரி கையில குடுத்தான். அந்தப் பக்கமும் ஓவென்னு மழைச் சத்தம், சனங்க கூச்சல் போடுற சத்தம், யாரோ தட்டு கொட்டுற சத்தம். அத்தனைக்கும் நடுவுல சீனித்தாய் பதறிப் போய்க் கேட்டது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு.

"ஏட்டி சந்தனம், இங்கன மழை பெய்யுது... பாப்பா அழுவுதாளா?"

சந்தனமாரி தொட்டிலுக்குள்ள பாத்தா. "இல்ல மைனி"ன்னா, "நல்லாத் தூங்குதா."

"நிசமாவா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துட்டேன் மைனி. தூங்குதா."

"அப்போ பெய்யட்டும்"ன்னா சீனித்தாய்.